மைனஸ் நாற்பதில் குங்குமம்

வடதுருவத்துப் பனிக்கடலில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நான் கடலைப் பார்த்ததே திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கும், மெரினாவில் சுண்டல் தின்ற அன்றைக்கும்தான். அதிலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனாலும் சம்பந்தம் உண்டு. ஒன்றுவிட்ட பெரியப்பாவின் கொழுந்தியாள் வழியில் வருகிற மாதிரி கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பெரிய கம்பெனி வந்தால், அதன் கார்க் கதவுக்கு ரப்பர், கண்ணாடிக்கு ரப்பர் என்று செய்து கொடுக்கப் பத்துச் சின்னக் கம்பெனிகள் பின்னாலேயே வரும். அப்படி வந்த ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவையும் ஒரு சூட்கேஸையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். படப்பையில் ஒரு அறையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேருக்கு மூன்று பாய். மூன்று ஷிப்ட் என்பதால் ஒருவன் எழுந்த சூட்டிலேயே அடுத்தவன் படுத்துவிடுவான்.

கார்க் கதவு ரப்பரில் காலம் ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி எங்கிருந்தோ ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வடதுருவத்தை ஒட்டியிருக்கும் ஒரு நாட்டின் கடற்படைக்கு, அதன் நீர்மூழ்கிக் கப்பலின் மேல்மூடியில் வைக்கிற ரப்பர் வளையம். நாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் என்னிடம், "இன்னா தம்பி, ஐஸ் ஊருக்குக் கப்பல் செய்றீங்களாமே" என்று கேட்டார். நாட்டின் பெயரையும் சரியாகவே சொன்னார். எங்கள் ராணுவ ரகசியம் அந்தக் கேட்டைத் தாண்ட ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அறையில் என் மதிப்பு ஏறியது. அதுவரை என்னை 'ரப்பர்' என்று கூப்பிட்டவர்கள் 'அட்மிரல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால், "அட்மிரல் முங்கிட்டாருல, மேல வர நேரமாவும்" என்று வெளியிலிருந்து சத்தம் வரும்.

வளையம் என்னவோ பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். வெளிர் சாம்பல் நிறம், ஒரு பெரிய அண்டாவின் வாய் அளவு. எங்கள் லைனில் அதற்குப் பெயர் ரிங். ஆனால் அது படவேண்டிய பாடு பெரிது. அந்தக் கப்பல்கள் கடலின் மேல் உறைந்து கிடக்கும் ஐஸுக்கு அடியில் வாரக்கணக்கில் பதுங்கிக் கிடக்குமாம். மேலிருந்து விமானமோ செயற்கைக்கோளோ பார்த்தால் வெறும் வெள்ளை. கீழே தன் கரையைக் காவல் காத்துக்கொண்டு ஒரு கப்பல். எப்போதாவது ஐஸ் மெலிந்த இடமாகப் பார்த்து, அதை முதுகால் முட்டி உடைத்துக்கொண்டு மேலே வரும். மூடியைத் திறந்தால் வெளிக்காற்று மைனஸ் நாற்பது. அந்தக் குளிர் பட்டும் ரப்பர் ரப்பராகவே இருக்க வேண்டும். விறைத்துப்போய்விட்டால் மூடியை மூடும்போது அழுந்திக் கொடுக்காது. அழுந்திக் கொடுக்காவிட்டால் கப்பல் மறுபடி கீழே இறங்கும்போது கடல் உள்ளே வரும். அழுத்தினால் அமுங்குவதும் விட்டால் நிமிர்வதும் இட்லிக்கும் முடியும், ஐஸ் பெட்டியில் வைத்த இட்லிக்கு முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி வாங்கினார்கள். கோல்டு சேம்பர். மைனஸ் நாற்பதுக்கும் கீழே போகும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நாங்கள் வெந்துகொண்டிருக்க, அந்தப் பெட்டிக்குள் மட்டும் வடதுருவம் இருந்தது. அதன் கதவைத் திறக்க எனக்கு மட்டும்தான் அனுமதி என்பதால், கதவைத் திறக்கிற நேரம் பார்த்து லைனிலிருந்து யாருக்காவது என்னிடம் சந்தேகம் கேட்கத் தோன்றும். ஒருநாள் உள்ளே ஒரு மோர் பாக்கெட் கிடந்தது. சுத்தியலால்கூட உடைக்க முடியவில்லை. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையின் நாயகி ஃபினிஷிங் மேசையில் இருந்த அக்கா. அச்சிலிருந்து வரும் ரிங்கின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதைச் சின்ன பிளேடால் வழித்தெடுப்பது அவருடைய வேலை. ஊர் பென்னலூர். எங்கள் எல்லோருக்கும் அக்கா, வயதில் மூத்த பொம்பளைகளுக்கும் அக்கா. வாய் திறந்தால் எதிராளிக்கு ஒரு வாரத்துக்கு மருந்து வேண்டும். கான்ட்ராக்ட் ஆள். தினமும் காலையில் கேட்டில் நின்று பாஸ் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அவருக்கு அதுதான் உயிர் போகிற எரிச்சல்.

"இதே எடத்துல எங்க மாமனார் வேர்க்கடல போட்டாரு. நா கூடை தூக்கினு வந்து நின்னா நாய்கூட கொலைக்காது. இப்ப உள்ள வர்றதுக்கு ஒரு சீட்டு. அதுல 'விசிட்டர்'னு வேற போட்டுகீது" என்பார்.

பர்மனென்ட் ஆனால் சீட்டு கிடையாது, கழுத்தில் அட்டை. தீபாவளிக்குள் பர்மனென்ட் செய்வதாக மேனேஜர் அவரிடம் சொல்லியிருந்தார். அந்த மேனேஜர் சென்னைக்காரர். வாக்குக் கொடுப்பதில் கர்ணன். அவர் கொடுத்த வாக்குகளை வரிசையாக நிறுத்தினால் வாலாஜாபாத் வரை போகும். அக்கா மட்டும் இதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல், அட்டையில் ஒட்டுவதற்கு சுங்குவார்சத்திரத்தில் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு போட்டோகூட எடுத்து வைத்திருந்தார்.

ரிங்குகள் தயாராகி, குளிர்ப்பெட்டியில் தேறி, மேசை மேல் வரிசையாக அடுக்கியிருந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து, விஜயதசமி லீவும் முடிந்த மறுநாள் காலையில் அந்த நாட்டிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னால் பெட்டி கட்டிவிடலாம் என்று ஏற்பாடு.

எங்கள் பகுதியில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள் இருக்க முடியாது. மெஷின்களைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பிரஸ்ஸுக்கு ஒரு மாலை, கம்ப்ரஸருக்கு ஒரு மாலை, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. எலக்ட்ரீஷியன் தன் டெஸ்டருக்குக்கூடப் பூ வைப்பார். நானும் குளிர்ப்பெட்டியின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம் பூசினேன். கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவனவன் பஸ் பிடித்தான். நான் ஊருக்குப் போகவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் போயிருந்ததால் மூன்று பாயிலும் மாறி மாறிப் படுத்தேன். மகாராஜா வாழ்க்கை.

லீவு முடிந்து காலையில் போய் மேசை மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்தேன். ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு பொட்டு. சந்தனத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம், நடுவில் குங்குமம். ஒன்றைக்கூட விடவில்லை. இரண்டு இரவு ஊறி, சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் உதிரவில்லை. துணியால் துடைத்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். அந்தச் சாம்பல் ரப்பர் குங்குமத்தைக் குடித்துவிட்டு இளஞ்சிவப்பாகச் சிரித்தது.

அக்கா அப்போதுதான் பாஸை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"யக்கா, இது என்னக்கா? நீங்களா வச்சிய?"

"ஆமா. ஏன்?"

"மெஷினுக்குத்தானக்கா வைக்கணும்? பொருளுக்கு யாராவது பொட்டு வைப்பாவளா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மெஷினு குட்து வெச்சிகீறாங்க. எனக்கு இன்னா குட்தாங்க? ஒரு பிளேடு. அதுக்கும் வெச்சேன். அப்பறம் யோசன பண்ணேன். மெஷினு இங்கியேதான் நிக்கப் போவுது. அதுக்கு இன்னா ஆவும்? இதுங்கதான் ஐஸுக்கு அடியில போவுது. உள்ள புள்ளைங்கள ஒக்கார வெச்சினு போவுது. பொட்டு யாருக்குத் தேவ, நீயே சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பதில் டிப்ளமோவில் வரவில்லை.

மேனேஜர் வந்தார். பார்த்தார். முகம் ரிங்கின் நிறத்துக்குப் போய், பிறகு பொட்டின் நிறத்துக்கு வந்தது. "யார் பண்ணது?" என்றார். லைனில் இருந்த எல்லோரும் திடீரென்று தங்கள் வேலையில் பக்தியாகிவிட்டார்கள். அக்கா மட்டும், "நான்தான் சார்" என்றார்.

"சிலிகான் ரப்பர் மேல கெமிக்கல் பட்டா டோட்டல் ரிஜெக்ஷன், தெரியுமா உனக்கு? இன்னும் ஒரு மணி நேரத்துல அந்த ஆளு வரான். நீ கெளம்பு. கான்ட்ராக்டர் கிட்ட நான் பேசிக்கறேன். நாளைலேருந்து வர வேணாம்."

அக்கா எதிர்த்துப் பேசுவார் என்று லைன் முழுக்க எதிர்பார்த்தது. அவர் பேசவில்லை. பிளேடைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். அந்த வாய் மூடிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேனேஜரை அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம் என்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அறுபதை நெருங்கியவர், நல்ல உயரம், தகரக் கூரைக்கு அடியில் வந்ததும் வேகவைத்த நண்டு போலச் சிவந்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவார். என் ஆங்கிலமும் நிறுத்தி நிறுத்தித்தான் வரும் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. அவரோடு கூடவே இருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியது என் வேலை.

அவர் ஒரு ரிங்கைக் கையில் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். "இது என்ன?"

மேனேஜர் என் விலாவில் இடித்தார். "இன்ஸ்பெக்ஷன் மார்க்குனு சொல்லுய்யா."

"எங்கள் தரச் சோதனை முத்திரை" என்றேன்.

"எல்லாவற்றிலும் இருக்கிறதே."

"எல்லாமே தேறிவிட்டது."

அவர் தலையை ஆட்டினார். மேனேஜர் மூச்சு விட்டார். ஆனால் கப்பல்காரர்கள் ஒரு ஓட்டையைப் பார்த்தால் அதன் மறுமுனை வரை போகாமல் விடமாட்டார்கள் போல. "இந்த முத்திரை எந்தப் பொருளால் வைக்கப்படுகிறது? மைனஸ் நாற்பதில் அது ரப்பரை என்ன செய்யும்? சோதித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"சோதிக்கவில்லை என்றால் இப்போது சோதிப்போம். முத்திரை வைக்கிறவரை வரச் சொல்லுங்கள். புதிதாகச் சில வளையங்களில் என் முன்னால் வைக்கட்டும்."

மேனேஜர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கேட் வரை ஓடினார், பின்னால் நான். கான்ட்ராக்டரின் ஆள் வருவதற்காக அக்கா செக்யூரிட்டி கொட்டகையில் காத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாம்மா, கொஞ்சம் அவசரம்" என்றார் மேனேஜர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பாஸைத் திருப்பிக் குட்துட்டேனே சார். சீட்டு இல்லாம எப்டி உள்ள வர்றது?"

மேனேஜரே பேனாவை எடுத்துப் பாஸ் எழுதினார். அக்கா அதை வாங்கி, நிதானமாகப் படித்துவிட்டு, கூடையை எடுத்தார்.

போகும் வழியில் நான் விஷயத்தைச் சொன்னேன். முத்திரை என்று சொல்லியிருக்கிறோம், பார்த்துப் பேசுங்கள் என்றேன்.

"இன்னா தம்பி, சரஸ்வதிக்குப் பூச பண்ண கையோட பொய் சொல்லச் சொல்றியா? நா சொல்ல மாட்டேன். நா நெசத்தத்தான் தமிழ்ல பேசுவேன். அவுருக்குத் தமிழ் தெரியாது. நீ உன் இஷ்டத்துக்கு இங்கிலீஷ்ல பேசிக்கோ. பாவம் வந்தா உனக்கு."

இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனோம். அக்கா சோதனை அறையின் வாசலில் செருப்பைக் கழற்றினார். பொட்டு வைப்பது என்றால் சும்மாவா. இன்ஸ்பெக்டர் கேட்கும் முன்னால் நான், "தூசி வரக் கூடாது என்பதற்காக" என்றேன். அவர் உடனே குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அவர் கழற்றியதால் மேனேஜரும் கழற்ற வேண்டியதாயிற்று. மேனேஜரின் இடது சாக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

அக்கா இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இதன் தயாரிப்பு விவரம் என்ன என்று கேளுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா, இது எங்க வாங்குனியன்னு கேக்காரு."

"வாங்கல. மணிமங்கலம் கோயில்ல குட்தாங்க."

"உள்ளூர்த் தயாரிப்பு. நெடுங்காலமாக நம்பிக்கைக்கு உரியது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மோதிர விரலால் தொட்டு, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ரிங்கில் வைத்தார். ஏன் அந்த விரல் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "வேற வெரலால வெச்சா தரித்திரம்" என்றார் அக்கா. "அழுத்தம் சீராக இருக்கும்" என்றேன் நான். கண்ணை மூடியது ஏன் என்று அவர் கேட்டார். "உள்ள போற புள்ளைங்க பொழச்சி வரணும்னு வேண்டினேன்." "கவனத்தைக் குவிக்கிறார்" என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்குப் போல் என்றைக்கும் ஓடியதில்லை.

பொட்டு வைத்த மூன்று ரிங்குகளைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடினோம். மறுநாள் மத்தியானம்தான் திறக்க வேண்டும். அதுவரை அக்காவை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலும் மேனேஜர்தான் பாஸ் எழுதினார்.

காத்திருந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அதன் கதவின் ஓரத்தில் கொஞ்சம் சில்லென்று இருக்கும், ஆளுக்கு ஊர் ஞாபகம். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐஸுக்கு அடியில் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தால்கூடத் தவறாம். எதிரிக் கப்பல் காதை வைத்துக்கொண்டு எங்கேயாவது கிடக்கும். ஆனால் மேலே ஐஸ் ராப்பகலாக முனகும், வெடிக்கும், ஒன்றோடு ஒன்று உரசும். அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்துக்கொண்டு போவதுதான் வித்தை என்றார். மேலே எங்கே ஐஸ் மெல்லிசு என்று ஒலியை அனுப்பிப் பார்த்துக்கொண்டே போவார்களாம். ஒருமுறை மெலிந்த இடமே கிடைக்காமல் நாட்கணக்கில் தேடினோம் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"படுக்கை?" என்று கேட்டேன்.

"மூன்று பேருக்கு ஒன்று. ஒருவர் எழுந்தால் அந்தச் சூட்டிலேயே அடுத்தவர் படுப்பார்."

நான் படப்பையில் என் அறையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது பேர், மூன்று பாய், மூன்று ஷிப்ட். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அது நீர்மூழ்கிக் கப்பல்தான்" என்றார். குளிக்க வரிசை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சமையல் மோசமா என்று கேட்டார். படுமோசம் என்றேன். பயிற்சி இல்லாமலே என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றார். அட்மிரல் பட்டம் எனக்குச் சும்மா வரவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். பனிப்புகை கொட்டியது. லைனில் பாதிப் பேர் சந்தேகம் கேட்க வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தடிமனான கையுறையோடு ரிங்கை எடுத்து, அழுத்தும் கருவியில் வைத்து நசுக்கிவிட்டு, விடுவித்தார். ரிங் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது. பொட்டு இருந்த இடமும் சேர்ந்து நிமிர்ந்தது. மூன்றும் தேறின. மேனேஜர் தன்னையும் அறியாமல் குளிர்ப்பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அடுத்த ஆர்டருக்கும் இதே முத்திரையை நீங்கள்தான் வைப்பீர்களா என்று கேளுங்கள்."

நான் கேட்டேன். மேனேஜர் அவசரமாக, "ஆமாம்னு சொல்லுய்யா" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரரையே நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு எப்டி சார் தெரியும்? நா கான்ட்ராக்ட்டு. நேத்தே என்னிய வேலைய வுட்டு நின்னுக்கோன்னு சொல்லிட்டாங்க. நீங்க இருக்கறவரிக்கும் சீட்டு குடுப்பாங்க. நீங்க கெளம்பினா நானும் கெளம்பணும்."

இதற்கு ஒரு நல்ல ஆங்கிலப் பொய் என் வாயில் தயாராக இருந்தது. மேனேஜரின் முழங்கையும் என் விலாவில் தயாராக இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

அவர் மேனேஜரிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் பேசினார். மூடி வளையத்தில் கை வைக்கிற ஆளைத் தினம் ஒரு சீட்டில் வரவழைக்கிற இடத்திலிருந்து தன் கடற்படை எதையும் வாங்காது என்றார். சோதனையின்போது இருந்த ஆள் நிரந்தரமாக இருக்கிறாரா என்பது தெரிந்தால்தான் தன் சம்மதம் என்றார். மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்ன சொன்னாரோ, மேனேஜர் போனைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அக்காவின் பர்மனென்ட் ஆர்டர் தட்டச்சாகி வந்துவிட்டது. ஒரகடம் வட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் எந்தக் காகிதமும் அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் கிளம்பினார். வழியனுப்ப நான் வாசல் வரை போனேன். ஹோட்டலிலிருந்து அவரை அழைத்து வந்த வாடகைக் கார் நின்றிருந்தது. அவர் முன் கதவைத் திறந்து, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

ஸ்டியரிங்கின் நடுவில் சந்தனம், குங்குமம். டேஷ்போர்டில் ஒன்று. பானெட்டில் ஒன்று. நான்கு சக்கரத்துக்கும் ஒன்று.

"உங்கள் சோதனை முத்திரை" என்றார். "நேற்று காலையிலேயே பார்த்தேன். வழியில் எல்லா லாரியிலும் இருந்தது. ஒரு இளநீர் வண்டியில்கூட இருந்தது. அதெல்லாம் மைனஸ் நாற்பதில் தேறியதா?"

பூமி பிளந்து விழுங்காதா என்று சொல்வார்களே, எனக்கு ஐஸ் பிளந்து விழுங்காதா என்று இருந்தது. காது வரை சுட்டது. அவர் சிரிக்கவில்லை, கண் மட்டும் சிரித்தது.

"மூடியை மூடி இறங்குவதற்கு முன் எங்கள் ஆட்கள் எல்லோரும் அதன் விளிம்பை ஒருமுறை தொடுவார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அதனால் உங்களையும் கேட்கவில்லை. ரப்பருக்குக் கெடுதல் உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன்."

"பிறகு ஏன் அந்த அக்காவுக்காக..." என்று இழுத்தேன்.

"இரண்டு நாளாக அவர் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் மூன்று வார்த்தை சொன்னீர்கள். கடைசியில் ஒருமுறை மட்டும்தான் அவர் பேசிய நீளத்துக்கே நீங்களும் பேசினீர்கள். அப்போது இரண்டு பேருமே மேனேஜரைப் பார்க்கவில்லை. இங்கே எனக்குக் கிடைத்த ஒரே உண்மை அது. அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்."

கார் போய்விட்டது. நான் நேராக ஃபினிஷிங் மேசைக்குப் போனேன். அக்கா ஆர்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பிசிறு வழித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதல் நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும் என்றேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அக்காவின் கை நின்றுவிட்டது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"அப்ப அவுரு பொட்டுக்காக இத்தப் பண்ணல" என்றார். "நா சொன்னத நம்பிகினு பண்ணிகீறாரு."

"ஆமாக்கா."

"எம் பேச்ச நம்பி ஒருத்தரு ஒரு காரியம் பண்ணாரு பாரு" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ரிங்கை எடுத்தார்.